புரண்டு படுத்தால் தீரும் மூச்சுத் திணறல், எழுந்து உட்கார்ந்தால்தான் தீரும் மூச்சுத் திணறல்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு: 34-ஆவது வாரம், முதல் குழந்தை. பகலில் படியேறினால் மூச்சு வாங்குகிறது, அதைச் சமாளித்துவிடுகிறீர்கள். இரவில் படுத்த சற்று நேரத்தில் காற்று போதாததுபோல் ஆகிறது. இரண்டு மணிவாக்கில் விழிப்பு வந்துவிடுகிறது. மூக்கு அடைத்திருக்கிறது, புதிதாகக் குறட்டை வருவதாகக் கணவர் சொல்கிறார். ஒருக்களித்துப் படுத்தால் சற்றுத் தேவலை. வீட்டில் கேட்டால் ‘இந்த மாதத்தில் எல்லோருக்கும் இப்படித்தான்’ என்கிறார்கள். இது உண்மையா, எப்படிப் படுக்க வேண்டும், குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்துபோகுமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இருட்டில் விழித்துக் கிடக்கும்போது உங்களை வாட்டுவது அதுதான் என்று ஊகிக்கிறேன். கர்ப்பத்தால் இயல்பாக வரும் மூச்சு வாங்கலில் உங்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதில்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். குறைவது கார்பன் டை ஆக்சைடுதான். வழக்கமாக 40 மி.மீ. பாதரச அளவை ஒட்டியிருக்கும் அதன் அழுத்தம், கர்ப்பிணியின் ரத்தத்தில் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். இந்த இறக்கம் குழந்தைக்காகவே ஏற்பட்டது எனலாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல, குழந்தையின் ரத்தத்தில் சேரும் கழிவுக் காற்று நஞ்சுக்கொடி வழியாக உங்கள் பக்கம் ஓடிவர வேண்டும். அந்தப் பள்ளத்தை உங்கள் மூச்சு தோண்டி வைக்கிறது. போதாததற்குக் குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு வகை. உங்களுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். நீங்கள் ‘மூச்சு போதவில்லையே’ என்று தவிக்கும் அதே நேரத்தில் உள்ளே இருப்பவர் பெரும்பாலும் நிம்மதியாகவே இருக்கிறார்.

அப்படியானால் போதவில்லை என்று ஏன் தோன்றுகிறது? பலரும் நினைப்பதுபோல வளர்ந்த கருப்பை நுரையீரலை நசுக்குவது மட்டும் காரணமல்ல. வயிறே தெரியாத மூன்றாம் மாதத்திலும் சிலருக்கு மூச்சு வாங்குகிறதே! புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையிலுள்ள சுவாச மையத்தைத் தூண்டிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது. சாதாரணமாக ஒரு மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே போகும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அது 700 மில்லிலிட்டர் அளவுக்கு வந்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கணக்கு பெரிதாக மாறுவதில்லை. மொத்தத்தில் ஒரு நிமிடத்தில் உள்ளே போய் வரும் காற்று 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. உடலின் ஆக்சிஜன் தேவையோ ஏறத்தாழ 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது. தேவைக்கு மேலேயே சுவாசிக்கிறீர்கள். அந்தக் கூடுதல் உழைப்பைத்தான் மனம் ‘மூச்சு வாங்குகிறது’ என்று படித்துக்கொள்கிறது. கர்ப்பிணிகளில் பத்துக்கு ஆறேழு பேர் ஏதாவதொரு கட்டத்தில் இதை உணர்கிறார்கள். ஆக, உங்கள் வீட்டார் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே வாக்கியம்தான் சில பெண்களின் இதய நோயைப் பல வாரங்கள் யாரும் கவனிக்காமல் மறைத்தும் வைக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடநெருக்கடி ஒன்றும் பொய்யல்ல. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கர்ப்பத்தின் முடிவில் சுமார் 4 செ.மீ. மேலே ஏறியிருக்கும். ஈடுகட்ட விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து, நெஞ்சின் சுற்றளவு 5 முதல் 7 செ.மீ. வரை கூடுகிறது. அதனால் உங்களால் ஆழமாக மூச்சை இழுக்க முடிகிறது, பெரிய இழப்பில்லை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும், கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணம்போல. அந்த இருப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கர்ப்பத்தின் கடைசியில் குறைந்துபோகிறது. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலும் தள்ளுவதால் இன்னும் குறைகிறது. நாள் முழுக்கத் தெரியாத நெருக்கடி படுக்கையில் தெரிவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நுரையீரலில் இல்லை, ரத்தக் குழாயில் இருக்கிறது. கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை, முதுகெலும்பின் முன்புறம் சற்று வலப்பக்கமாக ஓடுகிறது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை முழுவதும் அதன்மேல் உட்காருகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் மாற்றுப்பாதை வழியாகச் சமாளித்துவிடும். சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்து, வியர்த்து, கண் இருண்டு, குமட்டி, மூச்சு முட்டும். பரிசோதனை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்கேன் எடுக்கும்போது மயக்கம் வருவதுபோல் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான். இடப்பக்கம் சாய்த்துவிட்டால் ஒரு நிமிடத்தில் முகத்தில் ரத்தம் திரும்பிவிடும்.

படுக்கும் நிலை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் பயப்படுவார்கள், சொல்லாமல் விட்டால் தவறு என்ற வகைச் செய்தி இது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்த நிலையில் தூங்கத் தொடங்கும் பழக்கமுள்ளவர்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்பு, இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கத் தொடங்குபவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. 2019-இல் பல நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து வெளியான ஆய்வில் அது சுமார் இரண்டரை மடங்கு எனத் தெரிந்தது. அடிப்படையில் இது மிக அரிதான நிகழ்வு. அரிதானது இரண்டரை மடங்கானாலும் அரிதுதான். ஆனால் செலவே இல்லாமல் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் 28 வாரம் முதல் ஒருக்களித்துப் படுங்கள் என்று சொல்கிறார்கள். அதே ஆய்வில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. ‘இடப்பக்கம் மட்டும்தான்’ என்று தோள் வலிக்க வலிக்க ஒரே பக்கம் கிடக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்டனை தேவையில்லை. நடு இரவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா? எவ்வளவு நேரம் இப்படிக் கிடந்தோமோ என்று கணக்குப் போட வேண்டாம். திரும்பிப் படுத்துத் தூங்குங்கள், போதும். இரவில் மிக நீளமாக நீடிப்பது முதலில் தூங்கத் தொடங்கிய நிலைதான் என்பதால் அதைச் சரியாக அமைத்துக்கொள்வதே முக்கியம்.

தலையணை வைப்பதில் ஒரு பொதுத் தவறு உண்டு. மூச்சு முட்டுகிறது என்று தலைக்கு அடியில் மூன்று தலையணைகளை அடுக்கினால், உயர்வது தலை மட்டும்; கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் இடித்து, தொண்டை இன்னும் குறுகும். குறட்டை கூடும். உயர வேண்டியது இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுவதும். சாய்வான மெத்தைத் திண்டு இருந்தால் முதுகின் நடுவிலிருந்து தொடங்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகளைக் கொடுத்து ஒரு சாண் உயர்த்தலாம். அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, மேல்காலுக்கும் கீழ்க்காலுக்கும் நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒன்று, முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒன்று. முதுகுப்பக்கத் தலையணைக்கு இரட்டை வேலை: தூக்கத்தில் புரண்டாலும் முழுதாக மல்லாந்து விழாமல் பாதிச் சாய்விலேயே நிறுத்திவிடும்.

இனி உங்கள் மூக்கு. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் மூக்கடைப்பு என்பது கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. உடலில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடியிருக்கிறது. கர்ப்ப ஹார்மோன்களால் மூக்கின் உட்சவ்வு வீங்கியிருக்கிறது. படுத்தால் அந்த ரத்தம் தலைக்கு ஏறி வீக்கம் கூடும். மூக்கு வழியாகச் சுவாசிக்க முடியாமல் வாய் வழியாகச் சுவாசித்து, தொண்டை வறண்டு, விழிப்பு வரும். இதை மூச்சுத் திணறல் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் தடை நெஞ்சில் இல்லை, முகத்தில் இருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. எழுந்து நின்று வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். அது தடையில்லாமல் போனால் மூக்கின்மேல் பழி போடலாம். படுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு மருந்து அல்லது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, மூக்கின்மேல் ஒட்டும் பட்டை, உயர்த்திய தலைமாடு ஆகியவை பாதுகாப்பானவை. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும், போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்துகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். சில நாட்களுக்கு மேல் போட்டால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிடக் கூடுதலாக அடைத்துக்கொள்ளும். அதற்காக மீண்டும் மருந்து, மீண்டும் அடைப்பு. அந்தச் சுழலில் சிக்கிக்கொண்டு, பிரசவத்துக்குப் பிறகும் பாட்டிலை விட முடியாமல் இருப்பவர்கள் உண்டு. இதே வேலையைச் செய்யும் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கர்ப்பத்தால் மட்டும் வந்த அடைப்பு என்றால், பிரசவமான இரண்டு வாரத்துக்குள் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

நெஞ்செரிச்சலும் இரவு மூச்சில் தலையிடுகிறது. உணவுக்குழாயின் அடிவாயில் தளர்ந்திருப்பதால் படுத்ததும் அமிலம் மேலேறித் தொண்டையைச் சுடும். சிலருக்கு எரிச்சலே தெரியாமல் இருமலும் தொண்டை அடைக்கும் உணர்வும் மட்டும் வரும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவது, அளவைக் குறைப்பது, இடப்பக்கம் படுப்பது ஆகியவை பெரும்பாலும் போதும். போதாதபோது கர்ப்பத்தில் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்கலாம்.

குறட்டையைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனீர்கள். நான் அப்படிக் கடக்க மாட்டேன். கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்கும் குறட்டைக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை முழுவதுமாக மூடிச் சில விநாடிகள் மூச்சே நின்று, பிறகு திடுக்கென்று காற்றை இழுத்துக்கொண்டு விழிப்பு வரும். இதைத் தூங்குபவர் அறிய மாட்டார். பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. ஆகவே கணவரிடம் ஒரு வேலை கொடுங்கள். குறட்டை நடுவில் அறுந்து, மௌனமாகி, பிறகு பெரிய மூச்சோடு மீண்டும் தொடங்குகிறதா என்று ஓரிரு இரவு கவனிக்கட்டும். அப்படி இருந்தாலும், காலையில் தலைவலியோடு எழுந்தாலும், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தாலும் அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயாக இருக்கலாம். இதற்கு முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றுச் செலுத்தும் கருவி உண்டு. கர்ப்பத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முன்பு தள்ளிவைத்ததற்கு வருகிறேன். மருத்துவர்கள் ‘எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் வீட்டு விசாரிப்பு என்று நினைக்காதீர்கள். அது இதயத்தைப் பற்றிய கேள்வி. இதயம் பலவீனமாக இருந்தால் படுத்ததும் காலிலிருந்து திரும்பும் ரத்தத்தை அதனால் முன்னே தள்ள முடியாது. ரத்தம் நுரையீரலில் தேங்கி, நீர் கசியும். அந்த நீர் எந்தப் பக்கம் புரண்டாலும் போகாது. எழுந்து உட்கார்ந்தால்தான் வடியும். கர்ப்பத்தின் இயல்பான நெருக்கடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, வீட்டில் கருவி ஏதுமின்றிப் பார்க்க என்னிடம் இருக்கும் கேள்வி இதுதான்: புரண்டு படுத்தால் தீர்கிறதா, எழுந்து உட்கார்ந்தால்தான் தீர்கிறதா? ஒருக்களித்துச் சற்று உயர்த்திப் படுத்ததும் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு இளகினால் பெரும்பாலும் வயிற்றின் பாரமும் மூக்கும்தான் காரணம். ஒருக்களித்தும் முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே தூங்க வேண்டியிருக்கிறது, சென்ற வாரம் ஒரு தலையணை போதும், இந்த வாரம் மூன்று வேண்டியிருக்கிறது என்றால் அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவர் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து மூச்சு முட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்து காற்றுக்குத் தவிப்பதும் இந்த வகையே. நெஞ்செரிச்சலும் ஆஸ்துமாவும்கூட உட்கார்ந்தால் தணியும் என்பதால், இந்தச் சோதனையில் தேறாதவர்கள் எல்லோருக்கும் இதய நோய் என்று பொருளல்ல. பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள் என்று மட்டும் பொருள்.

கர்ப்பத்தில் இதயத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது, இளம் வயதுதானே என்று நினைப்பதும் தவறு. இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து யாரும் அறியாமல் இதய வால்வு சுருங்கியிருப்பது. சாதாரண நாட்களில் அது தொந்தரவு தராது. கர்ப்பத்தில் ரத்த அளவும் நாடித்துடிப்பும் கூடி, 28 முதல் 32 வாரங்களை ஒட்டி இதயத்தின் சுமை உச்சத்தை நெருங்கும்போது குறுகிய வால்வால் ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு முட்டத் தொடங்கும். தமக்கு இதய நோய் இருப்பதையே கர்ப்பத்தில்தான் முதன்முதலாக அறியும் பெண்கள் உண்டு. மற்றொன்று, எந்த முன்னோயும் இல்லாமல் இதயத் தசையே தளர்ந்துபோவது. இது கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய ஐந்து மாதங்கள் வரை வரக்கூடியது. இதன் கொடுமை என்னவென்றால், இதன் அறிகுறிகளான களைப்பு, கால் வீக்கம், மூச்சு வாங்கல் மூன்றும் நிறைமாதக் கர்ப்பிணி எல்லோரிடமும் இருப்பவை. பிரித்துக் காட்டுவது போக்குதான்: வாரத்துக்கு வாரம் மோசமாவது, படுக்க முடியாமல் போவது, படுத்தால் இருமல் வருவது, உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபடப்பது. இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ரத்தசோகை இவ்வளவு நாடகத்தனமானது அல்ல. ஆனால் மிகப் பொதுவானது. உலக அளவில் கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. ரத்தத்தில் சுமைதூக்கிகள் குறைவாக இருப்பதால் இருப்பவை அதிக நடை நடக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் படபடப்பும் மூச்சு வாங்கலும். உங்கள் கடைசி ரத்தப் பரிசோதனை எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள். நான்காம் மாதத்து அறிக்கையை வைத்து எட்டாம் மாதத்து மூச்சை விளக்க முடியாது. இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்குபவர்கள் அனேகம். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விட்டால்தான் இரும்பு உடலில் ஒட்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கர்ப்பத்தில் மோசமாகிறது, ஒரு பங்கினருக்குக் குறைகிறது, மற்றவர்களுக்கு மாறுவதில்லை. விடியற்காலையில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம் என்றால் இந்தப் பக்கம் யோசிக்க வேண்டும். கர்ப்பம் என்று அறிந்ததும் இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. குழந்தைக்குக் கெடுதல் செய்வது கட்டுப்படாத ஆஸ்துமா, இன்ஹேலர் அல்ல.

ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், விடாத தலைவலி, கண்ணில் மின்னல் தெறிப்பது, வலப்பக்க மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் இவற்றோடு மூச்சும் வாங்கினால் அது கர்ப்பகால நச்சுநிலையாக இருக்கலாம். நுரையீரலில் நீர் கோக்கும் அளவுக்குப் போகக்கூடியது. அன்றிரவே மருத்துவமனை.

ரத்தக்கட்டியின் கதை வேறு. அது மெல்ல வராது. நன்றாக இருந்தவருக்குச் சில நிமிடங்களில் மூச்சு முட்டும்; ஆழமாக இழுத்தால் நெஞ்சின் ஒரு பக்கம் குத்தும்; சிலருக்கு இருமலில் ரத்தம் வரும், சிலர் மயங்கி விழுவார்கள். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுவதால் இந்த ஆபத்து மற்ற நேரத்தைவிட நான்கைந்து மடங்கு. பெரும்பாலும் கட்டி உருவாவது இடது காலில்; அங்கிருந்து நகர்ந்து நுரையீரலின் ரத்தக் குழாயை அடைக்கும்போதுதான் மூச்சு முட்டுகிறது. இரண்டு காலும் ஒரேபோல வீங்குவது கர்ப்பத்தில் சாதாரணம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் சாதாரணமல்ல.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள் இரவெல்லாம் விரலில் மாட்டிக்கொண்டு எண்களைப் பார்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை, தூக்கம்தான் போகும். பார்க்கத்தான் வேண்டுமென்றால் நகப்பூச்சை அழித்துவிட்டு, விரலைச் சூடாக்கிக்கொண்டு, உட்கார்ந்து ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். கர்ப்பிணிக்கு 95 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கருமையான தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். ஆகவே எண் நன்றாக இருந்தும் உடல் மோசமாக இருந்தால் உடலை நம்புங்கள். அதைவிடப் பயனுள்ளது மூச்சை எண்ணுவது. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் ஒருவர் ஒரு முழு நிமிடம் எண்ணட்டும். கர்ப்பத்தில் மூச்சு ஆழமாகுமே தவிர வேகமாகாது என்று முன்பே சொன்னேன் அல்லவா? ஓய்வில் நிமிடத்துக்கு 20-க்கு மேல் தொடர்ந்து போனால் அதற்குக் கர்ப்பத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றுக்கு எண்களே தேவையில்லை, உடனே கிளம்புங்கள்.

இன்றிரவு இரண்டு மணிக்கு விழித்தால் என்ன செய்வது? ஒருக்களியுங்கள். போதாவிட்டால் கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி முன்னே சாயுங்கள். வயிறு முன்னே இறங்கி உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கும். பதற்றத்தில் வேகவேகமாக இழுக்காதீர்கள். ஏற்கெனவே இறங்கியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு இன்னும் இறங்கி, விரல்நுனியும் உதடும் மரத்து, தலை சுற்றி, மூச்சு போதவில்லை என்ற உணர்வு கூடத்தான் செய்யும். இழுப்பதைப் பற்றி யோசிக்காமல், உதட்டைக் குவித்து மெல்ல, நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே வருவது தானாக வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிட்டால் தூங்கலாம். அடங்காவிட்டால் ‘பதற்றம்தான்’ என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பதற்றம் என்ற முடிவுக்கு மற்றவற்றையெல்லாம் பார்த்த பிறகு மருத்துவர் வரட்டும்.

மருத்துவரிடம் ‘மூச்சு வாங்குகிறது’ என்று மட்டும் சொன்னால் உங்களுக்குக் கிடைக்கப்போவது வீட்டில் கிடைத்த அதே பதில்தான். எப்போது தொடங்கியது, எத்தனை தலையணை, ஒருக்களித்தால் தீர்கிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, சென்ற வாரத்தைவிட எப்படி என்று சொல்லுங்கள். ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் அளவு, ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் ஆகியவை முதல் சுற்று. ஐயம் இருந்தால் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுப்பார்கள். எக்கோ என்பது வயிற்றில் எடுக்கும் ஸ்கேன்போல ஒலியலைதான், கதிர்வீச்சு இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே வேண்டுமென்று சொன்னால் பயந்து மறுத்துவிடாதீர்கள். அதில் குழந்தையை எட்டும் கதிர்வீச்சு கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்கு மிகச் சொற்பம். மறுத்ததால் தாமதமான நோய்தான் ஆபத்து.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஒருக்களித்தால் தேவலை என்பது நல்ல குறி. மூக்கும் படுக்கும் நிலையும்தான் உங்கள் இரவைக் கெடுக்கின்றன என்று நினைக்கிறேன். ஆனாலும் புதிய குறட்டையைச் சொல்லி ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். முதல் பிரசவத்தில் குழந்தையின் தலை பெரும்பாலும் பிரசவத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பே இடுப்புக்குள் இறங்கும். அன்று வயிற்றின் மேற்பகுதி தளர்ந்து மூச்சு இலகுவாவது உங்களுக்கே தெரியும்; பதிலுக்குச் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கும். பிரசவமான சில நாட்களில் நுரையீரலின் அளவுகள் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன்பின் புதிதாக மூச்சு வாங்கினால் அதற்கு வயிற்றின் பாரத்தைக் காரணம் சொல்ல இயலாது. ரத்தக்கட்டிக்கும் இதயத் தசைத் தளர்ச்சிக்கும் வாய்ப்பு மிகுந்த காலமே பிரசவத்தை ஒட்டிய வாரங்கள்தான். கைக்குழந்தையோடு தூக்கம் கெட்ட களைப்பு என்று யாராவது சொன்னாலும், படுக்க முடியாமல் மூச்சு முட்டினால் அன்றே போய்க் காட்டுங்கள். ‘எனக்குப் பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.